அமாவாசையன்று கேட்ட சத்தம்

சர்க்கரை நோயால் என் வலது கண் மங்கியபோது, என் பிழைப்பைக் காப்பாற்றியது ஒரு பழைய கம்ப்யூட்டர் புரோகிராம். பட்டுப்புடவைக் கரைக்கு டிசைன் போடுவது என் வேலை. வரைந்ததை வரிவரியாகச் சரிபார்க்கும்போது, ஜரிகை வரும் கட்டத்துக்கு 'கீ' என்றும் பட்டு வரும் கட்டத்துக்கு 'டொக்' என்றும் அது ஒலி கொடுக்கும். ஒரு கட்டம் பிசகினாலும் காதே காட்டிக்கொடுத்துவிடும்.

போன மாதம் கம்ப்யூட்டர் கெட்டுப்போய், புதிதாக வாங்கினோம். புரோகிராம் திறந்தது, டிசைனும் தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. பாட்டு போட்டால் ஸ்பீக்கர் ஊரைக் கூட்டுகிறது. வால்யூமை ஏற்றிப் பார்த்தேன். புரோகிராமை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். பழைய விண்டோஸில் ஓடுவதுபோல ஓடவிட்டும் பார்த்தேன். கடைக்காரர் வந்தார்.

"எல்லாம் கரெக்டா இருக்குதுமா. உங்க புரோகிராம்தான் ரொம்பப் பழசு" என்றார். வந்த கோபத்தில் அவருக்கு நான் காபிகூடக் கொடுக்கவில்லை.

அடுத்த அறையில் தறி நெய்கிறவள் என் ஓரகத்தி. "தல வலிக்குதுக்கா, அந்தச் சத்தத்த கொஞ்சம் நிறுத்தேன்" என்று நாள் முழுக்க என் 'கீ டொக்'கைத் திட்டுவாள். இப்போது நிம்மதியாக இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நான்காம் நாள் சின்ன காஞ்சிபுரத்து முதலாளிக்குப் போன் செய்து, டிசைனை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் அமாவாசை. அன்று நாங்கள் தறியில் உட்காருவதில்லை. மனசு கேட்காமல் மறுபடி புரோகிராமைத் திறந்து ஒரு வரியை ஓடவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த ஓரகத்தி எழுந்து வந்தாள்.

"அக்கா, இரு இரு. இன்னாவோ கேக்குது."

மானிட்டரில் காதை வைத்தேன். கொசு முனகுவதுபோல கீ, டொக், கீ. மானிட்டருக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருந்திருக்கிறது. பழைய புரோகிராம் அதற்குள் போய் ஐந்து நாளாக ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது. தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். தறி ஓடுவது எங்கள் காதில் ஏறுவதே இல்லை. அது இன்னொரு சத்தத்தை விழுங்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைக்காரரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான்!

கம்ப்யூட்டரின் சவுண்டு பட்டியலில் மானிட்டர் ஸ்பீக்கரை நிறுத்தியதும், பெரிய ஸ்பீக்கரில் 'கீ' என்று வந்தது. உடனே முதலாளியைக் கூப்பிட்டு, டிசைனைத் திருப்பித் தரமுடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நான் யாருக்குமே குடுக்கலமா. நேத்து நீங்க போனை வெச்ச கொஞ்ச நேரத்துல உங்க ஓரகத்தி நேர்ல வந்துட்டாங்க. 'அக்காவுக்கு வேலைய நிறுத்திடாதீங்க, நான் பக்கத்துல உக்காந்துகினு ஒவ்வொரு கட்டமா படிச்சுச் சொல்றேன்'னு சொல்லிட்டுப் போனாங்க."

ஒரு கரைக்கு எத்தனை ஆயிரம் கட்டம் என்று நெய்கிறவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள்.