ட்ரயல்

தையல்காரரை அந்தத் தெருவில் எல்லோரும் அரை இஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சட்டையைக் கொடுத்தாலும், "அரை இஞ்சு பிடிச்சா சரியாயிடும்" என்பார். பட்டப்பெயருக்காக அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளதைச் சொன்னால் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

அவர் மனைவி பரிசோதனைக்கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள். ஆள் குள்ளம், அவள் ஓட்டும் பைக்கோ உயரம். சிக்னலில் நின்றால் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொடும். இரண்டு முறை அப்படியே சாய்ந்து விழுந்தாள். இரண்டாம் முறை மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"இன்னொரு தடவை விழுந்தா வேலையே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுவேன்" என்றாள். அவள் அப்படிப் பேசுகிறவளே அல்ல. தையல்காரருக்குச் சுருக்கென்றது.

வண்டியின் உயரத்தைக் குறைக்க, பின்பக்கத்தை ஒரு மெக்கானிக் இறக்கிக் கொடுத்தார். முன்சக்கரத்தை இரு பக்கமும் தாங்கும் ஃபோர்க் குழாய்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவர் வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டார். அதில் எண்ணெயும் கசிந்துகொண்டிருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அல்லவா!

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் பழைய படுக்கைவிரிப்பின்மேல் இரண்டு ஃபோர்க்கையும் படுக்கவைத்தார். கறுத்த எண்ணெயைக் கவிழ்த்தார். எண்ணெயைக் கசியவிட்ட பழைய ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்துப் புதியதைத் தட்டி இறக்கினார். மனைவியின் பெரிய ஊசிக்குழாயால் இரண்டிலும் ஒரே அளவு எண்ணெய் விட்டார். பிறகு வாசலில் வண்டியில் மாட்டி, ஹேண்டிலுக்குக் கீழே அவற்றைக் கவ்வும் கிளாம்புக்குள் குழாய்களை ஒரு இஞ்சு மேலே ஏற்றினார்; முன்பக்கம் அந்த அளவுக்குத் தாழ்ந்தது. இனி அந்த இரண்டு குழாயையும் பிடித்து நிறுத்தவேண்டியது கிளாம்ப் போல்ட்டுகள்தான்.

அங்கேதான் தொழில்புத்தி குறுக்கே வந்தது. புதுத்துணியை அவர் எடுத்த எடுப்பில் தைத்துவிட மாட்டார். பிறகு பிரித்துவிடுகிற மாதிரி வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்டு, ஆளை நிற்கவைத்துப் பார்த்து, சரியென்றால்தான் மிஷினுக்கே போகும். அதே மாதிரி போல்ட்டுகளைக் கையால் திருகி, ஸ்பானரில் கால் சுற்று மட்டும் கொடுத்தார்.

"வா, ஒரு ட்ரயல் பார்த்துடலாம்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். "என்னங்க! குதிகால் படுது!" என்று கத்தினாள். அந்த முகத்தைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கத்தான் பெரிய ஸ்பானரை எடுக்கிற சாக்கில் உள்ளே போனார்.

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அவருக்கு ட்ரயல் என்றால் கண்ணாடி முன்னால் அசையாமல் நிற்பது. வண்டி ஓட்டுகிறவளுக்கு ட்ரயல் என்றால் ஒரு ரவுண்டு. கைபேசியில் அழைத்தார், அது அடுப்பு மேடையிலேயே அடித்தது. தெருவோ கீழ்நோக்கிச் சரிவு. நடுவில் ஒரு வேகத்தடை, அடியில் லாரிகள் ஓடும் சாலை. செருப்பில்லாமல், ஸ்பானரும் கையுமாக ஓடினார்.

"நிறுத்து! பிரேக் போடாதே! நிறுத்து!" பிரேக் போடாமல் எப்படி நிறுத்துவாள் பாவம்?

வேகத்தடையைத் தாண்டிப் பத்தடியில் வண்டி நின்றிருந்தது. அவளும் அதன்மேல் நின்றிருந்தாள், இரண்டு பாதமும் தரையில். ஹேண்டில் நேராக இருந்தது. சக்கரம் வேறு பக்கம் பார்த்தது. ஒரு குழாய் கிளாம்பில் வழுக்கி மேலேறியிருந்தது.

"டக்குனு சத்தம். வண்டி ஒரு பக்கமா இழுத்துது. காலை ஊனினேன், எட்டிச்சு. முன்ன மாதிரி இருந்தா நேரா லாரிக்கு அடியில தாங்க!"

"நான் இன்னும் இறுக்கவே இல்லம்மா..."

"நீங்கதானே ட்ரயல்னீங்க?"

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் அவர் சட்டையில் எப்போதும் ஒட்டியிருக்கும் வெள்ளை நூல்களில் ஒன்றை எடுத்து ஹேண்டிலில் கட்டினாள்.

"வேலை முடிஞ்சா நீங்களே பிரிச்சு எடுங்க. அதுவரைக்கும் நான் சாவியைத் தொடமாட்டேன்."

இருவரும் வண்டியை வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் குழாய்களைச் சமப்படுத்தி, எல்லா போல்ட்டையும் முழுசாக இறுக்கினார். மூன்று முறை சரிபார்த்தார். அப்புறமும் அந்த நூலைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை.