மனிசி எண்டதுக்கு என்ன அத்தாட்சி?

ஆக்களின்ரை கலியாணத்தை இங்கிலீசிலை ரைப் அடிச்சுக் குடுக்கிறதுதான் என்ரை தொழில். நல்லூரிலை ஒரு ரியூசன் கொட்டிலுக்குப் பக்கத்திலை ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு பழைய ரைப்ரைட்டர், வாற ஆக்கள் இருக்க ஒரு வாங்கு. புருசன் வெளிநாட்டிலை, பெஞ்சாதி இஞ்சை. இல்லாட்டி பெஞ்சாதி அங்கை, புருசன் இஞ்சை. ரண்டு பேருக்கும் நடுவிலை கடல் கிடக்கிறது எல்லாருக்கும் தெரியும். கடலுக்கு மேலை ஒரு முப்பது பக்கம் போர்ம் கிடக்கும், அதை நிரப்பிக் குடுக்கிறது நான். பகல் முழுக்க பலசரக்குக் கடையிலை சீனி நிறுத்துப்போட்டு, இரவுப் பள்ளிக்கூடத்திலை தூங்கித் தூங்கிப் படிச்ச இங்கிலீசு இது. போர்முக்குக் காணும்.

உங்களிலையும் கன பேர் ஸ்பொன்சருக்குப் போட்டிட்டு, தபால்காரன்ரை சைக்கிள் மணிக்குக் காது குடுத்துக்கொண்டு இருந்திருப்பியள். உங்களுக்கு நான் புதிசாச் சொல்ல ஒண்டுமில்லை. ஒண்டை மட்டும் முதலே சொல்லிப்போடுறன். என்ரை மனிசி சறோவும் அங்கைதான், கனடாவிலை. தமக்கையின்ரை பிள்ளைப்பேற்றுக்கு உதவிக்கெண்டு ஆறு மாசத்துக்குப் போனவ. போன கையோடை இஞ்சை ஷெல்லும் பொம்பருமாச் சண்டை பெருத்துப்போச்சு. தமக்கை விடேல்லை, நானும் வா எண்டு எழுதேல்லை. பேந்து அங்கை நிரந்தரமா இருக்கப் பேப்பர் கிடைச்சு எனக்கு ஸ்பொன்சர் போட்டவ. அவ போய் இப்ப ஆறு வருசம். ஊராற்றை பைல் எல்லாம் போகுது, என்ரை பைல் மட்டும் எங்கையோ படுத்துக் கிடக்கு.

எழுபது படம்

அச்சுவேலியிலை இருந்து வசந்தி எண்டு ஒரு பிள்ளை, தேப்பன்ரை சைக்கிளிலை பின்னாலை இருந்து வந்தது. கொழும்பிலை வைச்சுக் கலியாணம். மாப்பிள்ளை வெளிநாட்டிலை இருந்து ரண்டு கிழமை லீவிலை வந்து, தாலியைக் கட்டிப்போட்டுத் திரும்பிட்டார். இப்ப விசாக் கந்தோரிலை இருந்து கடிதம்: நீங்கள் உண்மையிலை புருசன் பெஞ்சாதி எண்டு விளங்கக்கூடிய படங்கள் அனுப்பவும்.

அல்பத்தை விரிச்சுப் பார்த்தன். எழுபது படம் இருக்கும். ஒண்டிலையும் ஒருத்தற்றை பல்லும் தெரியேல்லை. மாப்பிள்ளை கமராவைப் பார்க்கிறார், பிள்ளை நிலத்தைப் பார்க்குது, தேப்பன் ஐயரைப் பார்க்கிறார். ஒரு படத்திலை பொம்பிளை மாப்பிள்ளைக்கு நடுவிலை ஒரு மாமி ஆறுதலா இருந்து ஐஸ்கிறீம் சாப்பிடுறா. "பிள்ளை, ரண்டு பேரும் சிரிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி ஒண்டும் இல்லையே?" எண்டு கேட்டன்.

"என்னண்டு அண்ணை சிரிக்கிறது? அண்டைக்குத்தானே ஆளை முதல் முதல் கண்டனான்."

நாலு வரி

குருநகர் எலிசபெத் அக்காவின்ரை மனிசன் முந்திக் கடற்தொழிலுக்குப் போன ஆள், இப்ப பிரான்சிலை ஒரு கடையிலை கோப்பை கழுவுறார். அக்காவின்ரை போர்மிலை ஒரு கேள்வி: கடந்த பத்து வருசத்திலை இருந்த விலாசங்கள் எல்லாத்தையும் திகதியோடை எழுதவும். அதுக்கு விட்டிருந்த இடம் நாலு வரி. போர்ம் அடிச்ச ஆள் ஒரே வீட்டிலை பிறந்து வளந்த ஆளாக்கும்.

அக்கா விரல் மடிச்சு எண்ணத் தொடங்கினா. சொந்த வீடு, பேந்து கோயில், பேந்து பள்ளிக்கூடம், பேந்து தங்கச்சி வீடு, திரும்பக் கோயில். கைவிரல் முடிஞ்சு என்ரை மேசையிலை கிடந்த குண்டூசியையும் எடுத்து அடுக்கினா. பதினொண்டு. நான் ஒரு கொப்பித் தாளைக் கிழிச்சு வைச்சுக்கொண்டு, "அக்கா, இனி ஒவ்வொண்டுக்கும் எப்ப போனனீங்கள் எண்டு சொல்லுங்கோ" எண்டன். அக்கா அடுக்கின குண்டூசியை ஒரு பக்கமாத் தள்ளிவிட்டா.

"தம்பி, எனக்குத் திகதி ஒண்டும் தெரியாது, எங்கை எப்ப ஷெல் விழுந்தது எண்டுதான் தெரியும். அப்பிடி எழுதினால் அவைக்கு விளங்குமே?"

முளைக்கிறதும் அழுகிறதும்

மெடிக்கல் ஒரு வருசத்துக்குத்தான் செல்லும். பொலிஸ் சேட்டிபிக்கற் அதிலும் குறைவு. பொலிஸ் சேட்டிபிக்கற்றுக்குக் கொழும்புக்குப் போகவேணும், கொழும்புக்குப் போகப் பாஸ் எடுக்கவேணும், பாஸ் கிடைச்சால் கிளாலிக் கடலேரியிலை வள்ளம் ஓடவேணும். எல்லாம் சரிவந்து கொழும்பிலை போய் நிக்க, மெடிக்கலின்ரை தவணை முடிஞ்சிருக்கும். மெடிக்கலைத் திரும்ப எடுத்து முடிய, பொலிஸ் பேப்பர் முடிஞ்சிருக்கும். வசந்திக்கு இது ரண்டாந்தரமும் நடந்தது. அறுபது நாளுக்குள்ளை பதில் போடவும் எண்டு வந்த கடிதம், வந்து சேரவே எழுபது நாள் எடுத்தது.

வசந்தியின்ரை தேப்பன் வெங்காயம் செய்யிற மனிசன். அதிகம் கதைக்க மாட்டார். நான் எந்தப் பேப்பர் எப்ப முடியுது எண்டு கோடு கீறி விளங்கப்படுத்தினன். எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, தோளிலை கிடந்த துவாயை உதறினார்.

"உது என்ரை வீட்டிலை கட்டித் தூக்கியிருக்கிற வெங்காயத்தின்ரை கதைதான், தம்பி. ஒரு பிடி முளைக்கேக்கை மற்றப் பிடி அழுகிப்போம்."

சின்ன எழுத்து

படம் சரிவரேல்லை எண்டதோடை, கந்தோரிலை இருந்து வசந்தியிட்டைக் கடிதம் கேட்டினம். புருசன் எழுதினதுகளை இங்கிலீசிலை மொழிபெயர்த்து அனுப்பவேணும். கலியாணத்தண்டு சிரிக்காத மாப்பிள்ளை, போன பிறகு நல்லாத்தான் எழுதியிருந்தார். வசந்தி ஒரு கடிதத்தை மேசையிலை வைச்சு, நடுவிலை ஆறேழு வரியைக் கையாலை பொத்திக்கொண்டு, "அண்ணை, இந்த இடத்தை மட்டும் விட்டிட்டு அடியுங்கோ" எண்டுது. நானும் புள்ளி போட்டு விட்டிட்டன்.

மூண்டு மாசத்தாலை பதில் வந்தது: புள்ளி போட்ட இடத்திலை என்ன இருக்கு எண்டு அறியத் தரவும். பிள்ளை திரும்ப வந்தது, இந்தமுறை தேப்பனைத் தெருவிலை நிக்க வைச்சிட்டு. ரிப்பன் தட்டுப்பாடு. ஸ்ராம்ப் மையிலை ஊறப்போட்ட பழைய ரிப்பனைத்தான் மாட்டியிருந்தன். அது தோய்ஞ்சு எழுத்தெல்லாம் கொழுத்துக் கொழுத்து விழும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அடிக்கத் தயாரானன். பிள்ளை ரைப்ரைட்டரை ஒருக்கால் எட்டிப் பார்த்துது.

"சொன்னால்தான் விசா எண்டால் அடியுங்கோ. ஆனால் அண்ணை, எப்பன் சின்ன எழுத்திலை அடியுங்கோ."

எதிர்ப்பக்கத்து ஞானம்

இனி என்ரை கதை. எனக்கும் அதே கடிதம் வந்தது. நீங்கள் புருசன் பெஞ்சாதி எண்டது எங்களுக்கு இன்னும் திருப்தியாயில்லை, ரண்டு பக்கத்துக் கடிதங்களையும் அனுப்பவும். இதிலை பிழைச்சால் பைலை மூடிப்போடுவினம், அப்பீல் எண்டு இன்னும் எத்தினை வருசமோ. சறோ தான் கட்டி வைச்சிருந்த என்ரை கடிதங்களை, கொழும்புக்கு வந்த ஒரு ஆளிட்டைக் குடுத்து அனுப்பியிருந்தா.

தன்ரை கடிதத்தைத் தானே மொழிபெயர்த்துக் கையெழுத்து வைக்கேலாது. வேறை ஆள்தான் செய்யவேணும். கிட்டடியிலை வேறை ஆள் எண்டால், றோட்டுக்கு எதிர்ப்பக்கம் மேசை போட்டிருக்கிற ஞானம்தான். என்னிலும் பத்து வயசு குறைவு. என்ரை கஸ்ரமரைக் கை காட்டிக் கூப்பிடுற ஆள். ஊரிலை உள்ள எல்லாற்றை கடிதத்தையும் வாசிச்ச நான், என்ரையைக் கொண்டுபோய் அவன்ரை மேசையிலை வைச்சிட்டு, வாங்கிலை இருந்தன். கஸ்ரமர் இருக்கிற வாங்கிலை முதுகு சாய ஒண்டுமில்லை எண்டது அண்டைக்குத்தான் தெரிஞ்சுது.

ஞானம் ஒண்டைச் சத்தமா வாசிச்சான். "தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றேன். கேட்கப்பட்ட பத்திரங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தங்கள் சம்பளச் சீட்டின் பிரதி இன்னும் வந்து சேரவில்லை. இங்ஙனம்." கீழை என்ரை முழுப் பேர், அப்பாவின்ரை பேரோடை. அடுத்ததை எடுத்தான், அதுவும் அப்பிடித்தான். பேந்து சறோவின்ரை கடிதங்களை எடுத்துச் சத்தமில்லாமல் வாசிச்சான். ஒவ்வொண்டிலையும் அவ, வீடு எப்பிடிக் கிடக்கு, நீங்கள் எப்பிடி இருக்கிறியள், ஒரு வரி எழுதுங்கோ எண்டு கேட்டிருந்தா. நானும் ஒவ்வொண்டுக்கும் பதில் போட்டிருந்தன், பத்திரங்கள் இணைக்கப்பட்டுள்ளன எண்டு. ஞானம் கண்ணாடியைக் கழட்டினான்.

"அண்ணை, கோவியாதையுங்கோ. உவ உங்களுக்கு மனிசியோ, கந்தோரோ?"

மெல்லிசுக் கடிதம்

ஞானம் கெட்டவனில்லை. "பழைய திகதி போட்டு ஒரு பத்துக் கடிதம் எழுதுவம், அண்ணை. கண்ணே எண்டு தொடங்குவம். நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ" எண்டான். இத்தினை வருசமா ஒரு பேப்பரிலையும் கள்ளத் திகதி போட்டுக் குடுக்காத நான், ஓம் எண்டிட்டு வீட்டை போனன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விறாந்தையிலை இருந்து, ஆறு வருசத்துக்கு முந்தின திகதியைப் போட்டு, "என் கண்ணே" எண்டு எழுதினன். அதோடை பேனை நிண்டிட்டுது. சறோவை நான் கண்ணே எண்டு கூப்பிட்டால், பின்னாலை ஆரோ நிக்கினம் எண்டு அவ திரும்பிப் பார்ப்பா. தாளைக் கிழிச்சுப்போட்டு வேறை ஒண்டு எடுத்து அண்டைத் திகதியைப் போட்டன். நேற்றுப் புட்டு அவிச்சன், சறோ. மா கூடிப்போச்சு. நீர் போன நாளிலை இருந்து கூடுறதுதான். மிச்சத்தைக் காலமை சாப்பிடுறன், காலமையும் தனியத்தான். கிணத்துக் கயிறு அறுந்து ஒரு கிழமை, பக்கத்து வீட்டிலை அள்ளுறன். ஒருத்தரோடையும் கதையாமல் சில நாள் பொழுது பட்டிடும், அப்ப ரேடியோவுக்குப் பதில் சொல்லுறன். ஒரு பக்கம் வந்தது. அதைப் பைலிலை வைக்கேல்லை. திங்கட்கிழமை, கந்தோருக்குப் பழைய கடிதங்களை உள்ளபடியே அடிச்சுத் தரச்சொல்லி ஞானத்துக்குச் சொல்லிப்போட்டு, புதிசைத் தபாலிலை போடப் போனன். தபால் கந்தோரிலை இருக்கிற பிள்ளை கையிலை தூக்கிப் பார்த்துது.

"என்னையா, இண்டைக்கு இவ்வளவு மெல்லிசு? போர்ம் ஒண்டும் வைக்க மறந்துபோனியளோ?"

சுவர்ப் பக்கம்

நாலு மாசத்தாலை இன்ரவியூ. கொழும்பிலை ஒரு குளிர் அறை, ஒரு வெள்ளைக்கார ஒபிசர், கதையை மொழி மாத்திச் சொல்ல ஒரு தமிழ் அம்மா. எனக்கு இங்கிலீசு தெரியும் எண்டன், போர்ம் இங்கிலீசு இந்த இடத்துக்கு உதவாது எண்டது ரண்டு கேள்வியிலை விளங்கிட்டுது. ஒபிசர் ஞானம் அடிச்ச கட்டை விரிச்சு, "மனிசிக்கு இப்பிடித்தான் எழுதுறனீரோ?" எண்டு கேட்டார். "ஓம். எனக்கு எழுதத் தெரிஞ்சது உதுதான்" எண்டன். கட்டிலிலை அவ எந்தப் பக்கம் படுக்கிறவ எண்டு கேட்டார். "சுவர்ப் பக்கம். இப்ப அந்தப் பக்கம் உங்கடை கந்தோர்ப் பேப்பர் அடுக்கிக் கிடக்கு" எண்டன். அம்மா அதை மாத்திச் சொல்ல எப்பன் சுணங்கினா.

ஒபிசர் சிரிக்கேல்லை. கன நேரம் ஏதோ எழுதினார். மெடிக்கல் முடிஞ்சுபோச்சாம், திரும்ப எடுத்து அனுப்பட்டாம், மற்றது எல்லாம் சரியாம். நான் எழும்பேக்கை அவர் இன்னும் என்னவோ சொன்னார். அம்மா வாசல் மட்டும் வந்து மெதுவாச் சொன்னா.

"விசாவுக்காகப் பொய்க் கலியாணம் செய்த ஆள் எண்டால் இதிலும் பாக்க வடிவா எழுதியிருப்பாராம் ஐயா, அதுதான் உங்களை நம்புறாராம்."

ஒரு சுண்டு மா

வீட்டை வர, சறோவின்ரை பதில் கதவுக்குக் கீழாலை கிடந்தது. நாலு பக்கம். ஸ்பொன்சரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கயிறு எந்த இடத்திலை அறுந்தது, பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் அள்ள விடுகினமோ, ரேடியோவுக்கு என்ன பதில் சொன்னனீங்கள் எண்டு எல்லாம் கேட்டிருந்தா. கடைசிப் பக்கத்தை நான் உடுப்பு மாத்தாமல் நிண்ட நிலையிலையே ரண்டுதரம் வாசிச்சன்.

"ஒரு ஆளுக்கு ஒரு சுண்டு மா காணும் எண்டதைக்கூட ஆரிட்டையும் கேக்காமல் ஆறு வருசம் என்ன செய்தனீங்கள்? இனிக் கிழமைக்கு ஒரு பக்கம் எழுதுங்கோ. போர்மைப் பற்றி எழுதினால் வாசிக்க மாட்டன்."

மெடிக்கல் எடுத்து அனுப்பியாச்சு, விசா வரும் எண்டுதான் சொல்லுகினம், ஆனால் தனிய இருக்கிற மனிசனுக்குக் கிழமைக்கு ஒரு பக்கம் எழுதுற அளவுக்கு வீட்டிலை ஒண்டும் நடக்கிறேல்லை எண்டதுதான் இந்தத் தொழிலிலை நான் கடைசியாக் கண்ட கரைச்சல்.