உவெளி

நான் ரஷ்ய மொழி படித்ததற்கு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. ரொறன்ரோவில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வருடம் ஏதாவதொரு மொழிப் பாடம் எடுத்தாக வேண்டும் என்றார்கள். பிரெஞ்சு பள்ளிக்கூடத்திலேயே வெறுத்துப் போயிருந்தது. ஸ்பானிஷ் வகுப்பு நிரம்பிவிட்டது. மிச்சமிருந்தவற்றில், நான் பகுதிநேரமாக வேலை செய்த ஸ்காபரோ மருந்துக்கடையின் நேரத்தோடு முட்டாமல் இருந்தது ரஷ்யன் ஒன்றுதான். பிறகு அது என்னை விடவில்லை. இரண்டாம் வருடம் கணக்கியலைக் கைகழுவிவிட்டு ரஷ்யனையே முழுப் பாடமாக எடுத்தேன்.

மல்வேர்னில் எங்கள் வீட்டுக்கு வரும் அன்ரிமாருக்கு இதை விளக்குவது பெரும்பாடாக இருந்தது.

"என்ன பிள்ளை படிக்கிறாய்?"

"ரஷ்யன், அன்ரி."

"ஓ, ரஷ்யாவிலை மெடிசினோ?"

"இல்லை அன்ரி, இஞ்சைதான். ரஷ்யன் பாஷை."

அன்ரி திரும்பி அம்மாவைப் பார்ப்பார். அம்மா தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவார்.

அப்பா எதுவும் கேட்கவில்லை. மிசிசாகாவில், விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் வேலை. அதிகம் பேசுகிறவர் அல்ல. ஒரு தடவை மட்டும், என் மேசையில் கிடந்த பாடப்புத்தகத்தை எடுத்து அந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு, "உந்தச் சனியனை ஏன் படிக்கிறாய்?" என்றார். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

காரணம் எனக்குத் தெரியும். அப்பா கனடாவுக்கு வந்தது மொஸ்கோ வழியாக. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவரும் அவருடைய தம்பியும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றாகப் புறப்பட்டார்கள். காசு வாங்கி ஆட்களை நாடுகடத்திவிடுகிற ஏஜென்ற் அவர்களை மொஸ்கோவில் ஒரு ஃபிளற்றில் வேறு சிலரோடு மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தான். கனடாவுக்கு வந்து சேர்ந்தது அப்பா மட்டும். எட்டு வயதில் அம்மாவோடு நான் இங்கே வந்தபோது சித்தப்பாவைப் பற்றிய கதை ஏற்கெனவே முடிவாகி இருந்தது. அவர் எங்களை விட்டுவிட்டுப் போனவர். வேறு ஏஜென்ற்றைப் பிடித்து எங்கேயோ போய், பெண்சாதி பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார். பெற்ற தாய் செத்ததற்கும் ஒரு ரெலிபோன் கோல் எடுக்காதவர். வீட்டில் அவருடைய படம் கிடையாது. நல்லநாள் பெருநாளில் யாராவது அவருடைய பேச்சை எடுத்தால் அப்பா எழுந்து போய் ரீவியின் சத்தத்தைக் கூட்டுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாராவது வெளியே கிளம்பும்போது "எங்கை போறாய்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடுமாம். "தூரத்துக்கோ?" என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்து வழக்கம்தான், ஆனால் இங்கே வந்த பிறகு அநேகமான வீடுகளில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அப்பா விடவில்லை. பதின்ம வயதில் ஒருநாள் நான் மறந்துபோய் "எங்கை அப்பா?" என்று கேட்டேன். அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அன்றைக்கு வேலைக்கே போகவில்லை. இப்படியும் ஒரு மூடநம்பிக்கையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மூன்றாம் வருடம் முடிந்ததும் ஒரு பருவம் ரஷ்யாவில் போய்ப் படிப்பதாக இருந்தது. அதற்குள் ரஷ்யா பக்கத்து நாட்டின்மேல் போர் தொடங்கியது. பயணத்தை நிறுத்திவிட்டோம் என்று பல்கலைக்கழகம் மின்னஞ்சல் அனுப்பியது. அப்பாவுக்கு அதில் மகிழ்ச்சி, மறைக்கவும் இல்லை. எங்கள் ஆசிரியை, எதையும் வீணாக்க விரும்பாத ஒரு நடுவயதுப் பெண், அந்த நாட்டுக்குப் பதிலாக எங்களை பாதர்ஸ்ட் தெருவின் வடக்கு முனைக்கு அனுப்பினார். அங்கே ரஷ்யன் பேசுகிறவர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வாரம் ஒரு தரம் போய், ஆங்கிலம் வாயில் வராமல் ஏதாவது வாங்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டு பஸ், ஒரு ரயில் பிடித்துப் போய் உப்பு மீனும் கறுத்த பாணும் வாங்கி வந்தேன். பணம் வாங்குகிற பெண்மணி என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு ஒவ்வொரு தரமும் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். நான் விடாமல் ரஷ்யனில் பேசுவேன். கடைசியில் ஒருநாள் அவர்தான் சலித்துப்போய் ரஷ்யனுக்கு மாறினார். அது எனக்குக் கிடைத்த பட்டம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டில்தான் ஆசிரியை ரஷ்யர்களின் வீட்டு வழக்கங்கள் சிலவற்றைச் சொன்னார். வாசற்படிக்கு மேலால் கை குலுக்கக் கூடாது. தூரப் பயணம் கிளம்புமுன் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வேண்டும். பிறகு, புறப்படுகிறவரிடம் "குதா?", அதாவது எங்கே என்று, கேட்கக் கூடாது. பழையகாலத்து ஆட்கள் "தலெகோ லி?" என்றுதான் கேட்பார்கள். தலெகோ என்றால் தூரம். 'லி' அப்படியே நம்முடைய கேள்வி 'ஓ'. தூரமோ!

வகுப்பில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்த வேகத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அவங்களும் கேக்கமாட்டாங்களோ?"

"கேக்கமாட்டாங்களாம். கிளம்பமுதல் எல்லாரும் பேசாமல் கொஞ்சநேரம் இருந்திட்டுத்தான் போவாங்களாம்."

"அப்ப அதுதான் அந்த மொஸ்கோ மனிசி என்னைப் பிடிச்சு இருத்தினவள்," என்றார். அதன் பிறகு நாங்கள் கேட்காமலே பேசத் தொடங்கினார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

முதலில் சிரிப்பான கதைதான் வந்தது. பாணும் உருளைக்கிழங்கும் கொண்டு வருகிற ஆளிடம் எப்போது அனுப்புவீர்கள் என்று சைகையால் கேட்டால் "ஸாவ்த்ரா, ஸாவ்த்ரா" என்பானாம். அதை அவர்கள் எல்லையில் இருக்கிற ஒரு பட்டணத்தின் பெயர் என்று நினைத்திருக்கிறார்கள். பூமிசாஸ்திரம் படித்த ஒருவர், ஸாவ்த்ரா போலந்துக்குப் பக்கத்தில் இருப்பதாக அடித்துச் சொல்லியிருக்கிறார்.

"அப்பா, ஸாவ்த்ரா எண்டால் நாளைக்கு."

அப்பா புரைக்கேறும்வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

பிறகு சொன்னார். மற்றவர்களையெல்லாம் அனுப்பி, அண்ணன் தம்பி இரண்டு பேர் மட்டும் மிஞ்சியிருந்த நாட்கள். ஒரு காலைநேரம் ஏஜென்ற் அப்பாவைக் கடவுச்சீட்டுப் படம் எடுக்கக் கூட்டிப் போக வந்தான். ஃபிளற்றின் சொந்தக்காரி, ஒரு தடித்த மனிசி, இருவரையும் கட்டிலில் பேசாமல் இருத்தினாள். அப்பாவுக்கு ஏதோ பேச்சு விழுகிறது என்றுதான் பட்டது. எழுந்து கதவில் கை வைத்த நேரம் பின்னாலிருந்து தம்பி, "எங்கை அண்ணை போறாய்?" என்று கேட்டான்.

"போற நேரத்திலை எங்கை எண்டு கேப்பானோ? அதுவும் அண்டைக்கு. கன்னத்திலை ஒண்டு குடுத்திட்டன்," என்றார் அப்பா.

அவர் திரும்பி வந்தபோது தம்பி இல்லை. மனிசி கதவைக் காட்டி எதையோ சொன்னாள்.

"அந்தப் பாஷையிலை எனக்கு விளங்கின ஒரே வசனம் அதுதான். எங்கடை சொல்லு மாதிரியே இருந்தது. 'இவோ உவெளி' எண்டவள். இவன் உங்கை வெளியிலை போட்டான் எண்டு."

யாழ்ப்பாணத் தமிழில், கைகாட்டக்கூடிய தூரத்தில் இருப்பதை உது, உவன், உங்கை என்று 'உ' போட்டுச் சொல்வது நாளாந்தப் பேச்சு; 'போய்விட்டான்' என்பதும் 'போட்டான்' ஆகிவிடும். உவெளி என்று ஒரு சொல் கிடையாதுதான். ஆனால் கதவைக் காட்டிக்கொண்டு ஒருத்தி உவெளி என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

"நான் அடிச்ச கோவத்திலை போட்டான். சரி, கோவம் ஆறினால் வருவான் எண்டு இருந்தன். ஏஜென்ற் சொன்னான், அவன் வேறை ஆளைப் பிடிச்சுப் போட்டானாம் எண்டு. ஒரு அடிக்குப் போனவன்தானே, இனி நான் ஏன் தேடவேணும்?"

தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

நான் அன்றிரவு அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். கிடைக்கவில்லை. அகராதியில் வினைச்சொற்கள் வேறு உருவத்தில் இருக்கும், இறந்தகாலத்தில் உருமாறிவிடும் என்பது தெரிந்திருந்தும் எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. வருடக்கணக்கில் காதில் தேய்ந்துபோன சத்தம், அப்பா ஏதோ பிழையாகக் கேட்டிருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

கடைசி வருடம் போதல் வருதல் வினைச்சொற்களைப் படித்தோம். ரஷ்யன் படிக்கிறவர்களை அழவைப்பது இந்தப் பாடம்தான். நடந்து போனால் ஒரு சொல், வாகனத்தில் போனால் ஒரு சொல், போய்த் திரும்பியிருந்தால் இன்னொன்று. 'உ' என்ற ஒட்டை முன்னால் போட்டால், இருந்த இடத்தை விட்டு அகன்று போனதாக ஆகிவிடும். ஒருவன் தானாகப் போய்விட்டால் 'ஓன் உஷோல்'. ஆசிரியை பலகையில் அதை எழுதினார். அதற்குக் கீழே, ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் எப்படிச் சொல்வது என்று எழுதி, வாசித்தார்.

"யிவோ உவிலி."

நான் பேனையை மேசையில் வைத்தேன். அவரை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்.

"கூட்டிக்கொண்டு போனது யார்?" என்று கேட்டேன். "வசனத்தில் ஆளே இல்லையே."

"சொல்லத் தேவையில்லை," என்றார் ஆசிரியை. "இப்படியான வசனத்தில் யார் என்று யாரும் கேட்பதில்லை."

அது எனக்குப் புதிய இலக்கணம் அல்ல. எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஊர்க்கதை பேசும்போது ஆயிரம் தரம் கேட்டிருக்கிறேன். அவனைக் கொண்டு போட்டாங்கள், அதாவது பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வீட்டுப் பெடியனைக் கொண்டு போட்டாங்கள். யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த மனிசி அப்பாவுக்குச் சொன்னதும் அதே வசனம்தான்.

சொல்வதா விடுவதா என்று இரண்டு கிழமை என்னோடு நானே மல்லுக்கட்டினேன். தம்பி கோபித்துக்கொண்டு போய் எங்கேயோ நன்றாக இருக்கிறான் என்பதில் அப்பாவுக்கு ஒரு வசதி இருந்தது. அவன் உயிரோடு இருந்தான். அதைப் பறிக்க நான் யார் என்று நினைத்தேன். அதே நேரம், செய்யாத குற்றத்துக்கு ஒரு மனிதனை இத்தனை வருடம் வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதும் பொறுக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் சொன்னேன்.

அப்பா கென்னடி ஸ்டேஷனிலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு வருகிற வழியில், காருக்குள். பனிக்காலம். வைப்பர் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. முதலில் அவரிடம் அந்த வசனத்தை முழுதாகத் திருப்பிச் சொல்லக் கேட்டேன். உஷோல் என்ற சத்தம் எங்கேயாவது வந்ததா என்றும் கேட்டேன். இல்லை என்றார், சந்தேகமே இல்லாமல்.

"அப்பா, அது வெளி இல்லை. இவோ எண்டால் அவனை எண்டு அர்த்தம். அவனைக் கொண்டு போட்டாங்கள் எண்டுதான் அந்த மனிசி சொல்லியிருக்கிறா."

"ஆர்?"

"அது அந்த வசனத்திலை இல்லை."

சிவப்பு விளக்கில் நின்றோம். பச்சை விழுந்து, பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்த பிறகுதான் எடுத்தார்.

"கோவத்திலை போனான் எண்டு அதிலை இல்லையோ?"

"இல்லை அப்பா. அவர் தானாப் போகேல்லை."

வீடு வந்தது. ட்ரைவ்வேயில் காரை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்ரியரிங்கிலேயே இருந்தன. கண்ணீர் தாடையில் இறங்கியதைத் துடைக்கவும் இல்லை.

"அப்ப அந்த மனிசி எனக்குச் சொல்லியிருக்கிறாள். அண்டைக்கே சொல்லியிருக்கிறாள்."

"ஓம் அப்பா."

"எங்கை கொண்டு போனவங்கள் எண்டு ரஷ்யனிலை என்னெண்டு கேக்கிறது?"

சொல்லிக் கொடுத்தேன். "குதா யிவோ உவிலி?"

"குதா இவோ உவெளி."

"வெளி இல்லை. நாக்கை மடிக்காதேங்கோ அப்பா. லி. பல்லிலை தட்டுங்கோ."

வகுப்பில் ஆசிரியை எங்களுக்குச் செய்வதுபோல, வாயைத் திறந்து நாக்கு படுகிற இடத்தைக் காட்டினேன். அப்பா கண்ணாடியில் தன் வாயைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னார். அதற்கடுத்த தரம் சரியாக வந்தது.

"இவ்வளவுதானோ கேக்கிறதுக்கு?" என்றார்.

"ஓம் அப்பா. இவ்வளவுதான்."