கீழே தெரியும் விளக்குகள்

குன்னூரில் பாஸ்போர்ட் சைஸ் படமும் ஞானஸ்நானப் படமும் எடுத்துப் பிழைப்பவள் நான். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. என் முட்டிக்கு அதைவிடக் கூட இருக்கும். இந்த வயதில் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு, மழை இல்லாத சாயங்காலங்களில் தேயிலைச் சரிவு ஏறிக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தேவையா என்று வாய்விட்டே கேட்டுக்கொள்வேன்.

எல்லாம் ஒரு லாட்ஜ்காரரால் வந்தது. மலை சமவெளியைப் பார்த்து இறங்கும் பக்கத்தில் அவருடைய லாட்ஜ். இருட்டியதும் அங்கிருந்து பார்த்தால் கீழே மேட்டுப்பாளையமும் அதற்கு அப்பால் கோயமுத்தூரும் விளக்கு விளக்காகத் தெரியும். ஆனால் பாதி நாள் மூடுபனிதான். 'சிட்டி வியூ' என்று போர்டு வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வெள்ளைச் சுவரைக் காட்டினால் தங்க வந்தவர்கள் சண்டைக்கு வராமல் என்ன செய்வார்கள்? அதனால் அந்தக் காட்சியைப் பெரிய படமாக எடுத்து வரவேற்பறையில் மாட்டிவிட நினைத்தார். பனி இறங்கினால் படத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாமே. வேடிக்கை என்னவென்றால், வருகிறவர்களில் பாதிப்பேர் கோயமுத்தூர்க்காரர்கள். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு மேலே வந்து, தங்கள் ஊர்த் தெருவிளக்கைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள்.

நான் கொடுத்த படம் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. "விளக்குப் பத்தலீங்க. இன்னுங் கொஞ்சம் சேத்தி வரட்டுங்க" என்பார். நான்தான் கீழே போய் ஊர் முழுக்க ஸ்விட்ச் போட்டுவிட்டு வரவேண்டும் போல.

அந்த விளக்குகளுக்கு நடுவில் என் வீட்டுக்காரர் இருந்தார். அருவங்காடு வெடிமருந்து ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெகுகாலமாக மூச்சிரைப்பு. போன மழைக்காலத்தில் உதடெல்லாம் நீலமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்தக் குளிர் ஆகாது, கீழே கூட்டிப் போய்விடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோயமுத்தூரை ஒட்டிய துடியலூரில் மகள் வீடு இருந்தது. அவர் போனார், நான் போகவில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்டுடியோவைச் சொன்னேன், சர்ச்சில் கல்யாண சீசன் என்றேன், வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். உண்மை வேறு. எத்தனையோ வருஷம் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே அரைத் தூக்கம் தூங்கியவள் நான். சத்தம் அதிகமானாலும் எழுந்து உட்காருவேன், சத்தமே இல்லாவிட்டாலும் எழுந்து உட்காருவேன். அவர் கீழே போன அன்று அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அலுத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான்.

மாதம் இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். அதற்கு முன் போனில், "சனிக்கிழமை வந்துட்டுப் போறேனுங்க" என்பேன். ஒருநாள் அவர் எரிந்து விழுந்தார்.

"வர்றேன்னு சொல்லத் தெரியாதா புள்ள உனக்கு? எப்பப் பாரு வந்துட்டுப் போறேன், வந்துட்டுப் போறேன். வர்றதுக்கு முந்தியே போறதைச் சொல்லோணுமா?"

அடுத்த தடவையும் அதையேதான் சொன்னேன். வாய் பழகிவிட்டிருந்தது.

நான் அவர் இருக்கும் ஊரைப் படமெடுக்கிறேன் என்று தெரிந்ததும் அவருக்குக் குஷி பிறந்துவிட்டது. நான் சரிவில் முக்காலியை நிறுத்தும் நேரம் பார்த்து போன் அடிக்கும். "வந்துட்டியா? இரு, மாடிக்குப் போறேன்." படியேறுகிற இரைப்பு என் காதில் விழும். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். மொட்டைமாடியில் நின்று பெரிய டார்ச் லைட்டை மலையைப் பார்த்து ஆட்டுவார்.

"தெரியுதா புள்ள?"

எங்கே தெரியும்? துடியலூர் முழுவதுமே எனக்கு ஒரு மஞ்சள் தீற்றல். "தெரியுதுங்க" என்பேன்.

"எந்தப் பக்கம்?"

"வலதுகைப் பக்கங்க."

"படத்துல விழுகுமா?"

"விழுகுங்க."

திருப்தியாகப் போனை வைப்பார். பழைய வேட்டியில் கிழித்த துணியால் லென்ஸில் படிந்த ஈரத்தைத் துடைத்துவிட்டுப் படம் எடுக்க ஆரம்பிப்பேன். அரை நிமிஷம் கேமரா கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன வெளிச்சம் பட்டாலும் படம் கெட்டுவிடும் என்பதால் என் டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் அசையாமல் நிற்பேன். பாதையில் காட்டுமாடு நின்றால் மட்டும், என்னைக் கூட்டிவந்து ரோட்டில் காத்திருக்கும் ஆட்டோக்காரர் கீழேயிருந்து குரல் கொடுப்பார்.

ஒருநாள் வீட்டுக்காரரிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. முழுக்கக் கறுப்பு. மூலையில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. இதில் நீ எங்கே நிற்கிறாய் என்று கேட்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியாமல் மகளுக்குப் போன் போட்டேன்.

"மலையை எடுக்கறாரும்மா. தெனமும் எடுக்கறாரு. ஒண்ணுமே விழ மாட்டேங்குதுன்னு போனைத் திட்டறாரு. அம்மா லைட்டே வெச்சுக்க மாட்டாளான்னு என்னையக் கேக்கறாரு."

அந்தக் கறுப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியை வைத்துப் பார்த்தால் திசை சரியாகத்தான் இருந்தது. இரைக்க இரைக்க மாடியேறி அவர் எனக்கு விளக்குக் காட்டியிருக்கிறார். நான் ஒருநாளும் பதிலுக்குக் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் அடர்த்தியாகப் பனி இறங்கிவிட்டது. "இன்னைக்கு ஒண்ணும் விழுகாதுங்க்கா" என்றார் ஆட்டோக்காரர். இருந்தாலும் போகச் சொன்னேன். கேமராவைக் கொண்டுபோகவில்லை, கல்யாண வீட்டுக்கு எடுத்துப் போகும் ஃப்ளாஷ் லைட் மட்டும் பையில் இருந்தது. சரிவில் ஏறி நின்றால் கோயமுத்தூர் இருக்கட்டும், பக்கத்து லாட்ஜ் விளக்குகூடத் தெரியவில்லை. நானே அவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, மாடிக்குப் போங்க. இன்னைக்கு நான் லைட் போடறேன்."

அவர் ஏறி முடிக்கிறவரை காத்திருந்தேன். ஃப்ளாஷைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி அடித்தேன். வெளிச்சம் நாலடிகூடப் போகாமல் பனியில் பட்டு என் கண்ணிலேயே அறைந்தது. மறுபடி அடித்தேன். மறுபடியும்.

"தெரியுதுங்களா?"

இரைப்புக்கு நடுவே பதில் வந்தது.

"தெரியுது புள்ள. நல்லாத் தெரியுது."

"எந்தப் பக்கங்க?"

"இடதுகைப் பக்கம்."

இந்தப் பனியில் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது; கேள்விக்கு உடனே வந்த அந்தப் பதில் நான் அவருக்குச் சொல்லும் அதே பொய்தான். அப்படியானால் அவர் டார்ச் என் கண்ணில் படவே இல்லை என்பது இத்தனை நாளும் அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஏறியிருக்கிறார். ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

"நாளைக்கு வர்றேனுங்க" என்றேன்.

மீதி வார்த்தைக்காக அவர் காத்திருந்தார்.

"வந்துட்டு?"

"அவ்வளவுதானுங்க. வர்றேன்."

அந்த இரைப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. போனை வைக்காமல் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.