கொசுவைக் காப்போம்

எட்டாம் வகுப்பு வரை என்னிடம் ஒரே ஒரு முடிவுரைதான் இருந்தது. அதுவும் அக்கா கொடுத்தது. அவள் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். "எனவே, இது இல்லாமல் நாம் இல்லை. இதைக் காப்போம், நாட்டை உயர்த்துவோம்." 'இது' வருகிற இடத்தில் தலைப்பைப் போட வேண்டியதுதான். மரம், பசு, நூலகம், செம்பரம்பாக்கம் ஏரி என்று எத்தனையோ விஷயங்களை அதை வைத்தே காப்பாற்றியிருக்கிறேன்.

அரையாண்டுத் தேர்வில் தமிழில் முதலாவதாக வந்தால் மை பேனா வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். கட்டுரைக்கு வந்த தலைப்போ கொசுத் தொல்லை. மணி அடிக்கப் போகிற அவசரத்தில் கை தன் பழக்கத்துக்கு எழுதிவிட்டது.

விடைத்தாள் கொடுத்த அன்று தமிழம்மா அதை உரக்கப் படித்தார். "கொசு இல்லாமல் நாம் இல்லை. கொசுவைக் காப்போம், நாட்டை உயர்த்துவோம்." வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. என் மானம் கப்பலேறியது. முடிவுரையை மட்டும் மாற்றி எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வந்தால் மார்க் போடுவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவோடு சண்டைக்குப் போனேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடிப்பாவி, கொசுவையுமா காப்பாத்துன? அதுக்கு நான் இன்னாடி பண்ணுவேன்? நம்மூட்ல நடக்கறத எய்து, போ."

வேறு வழியில்லாமல் உள்ளதை எழுதினேன். "எங்கள் வீட்டில் ஒரே கொசுவலை. அதற்குள் அம்மா, நான், தம்பி. அக்காவுக்கு இடமில்லை. போர்த்தினால் வேர்க்கிறது என்று போர்வையை எடுத்துவிடுவாள். காலையில் தடித்துப்போன கையோடு வேலைக்குப் போவாள். எனவே கொசுவை ஒழிக்க வேண்டும்."

அப்பாவுக்கு எப்போதும் நைட் ஷிப்ட். கையெழுத்துப் போட வாங்கியவர் இரண்டு முறை படித்தார்.

"எங்கிட்ட யாரும் சொல்லவேல்லியே" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

தமிழம்மா இரண்டு மார்க் சேர்த்துப் போட்டார். நான்தான் முதல். சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் சைக்கிளில் ஒரு பொட்டலம் வந்தது. பேனாதான் என்று ஓடிப்போய்ப் பிரித்தேன். நீல நிறத்தில் ஒரு கொசுவலை.

"பேனா எங்கப்பா?"

"அடுத்த மாசம் கண்ணு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா வெளிச்சம் இருக்கும்போதே வலையை நாலு ஆணியிலும் கட்டி, நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"உள்ள வாடி. நீ எய்தி வாங்கினது."

நான் போகவில்லை. நான் எழுதியது மார்க்குக்கு, அதுவும் போட்டாகிவிட்டது. இவள் ஏன் இந்த வலையை நான் வாங்கிக் கொடுத்தது போலப் பேசுகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை.