மூன்றாம் அத்தியாயத்தில் செத்த மச்சான்

இரண்டு கொள்ளைக்காரக் குலங்கள் மந்திரத்தால் மோதிக்கொள்ளும் நாவல் ஒன்றை எழுதினேன். பக்கத்துக்குப் பக்கம் குடும்பத்துக்காக உயிரைக் கொடுக்கிற வீரர்கள். ஒரு குலம் என் வீடு, மற்றது என் மனைவி வீடு. ஆளுக்கு இரண்டு சிறகை ஒட்டிவிட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்கிற அளவுக்குத்தான் என் புத்தி.

புதுக்கடைச் சந்தியில் மனைவியின் அண்ணன் என்னை மறித்தார். ஒரு கையில் என் புத்தகம், மறுகையில் வாழைக்குலை வெட்டுகிற கத்தி.

“மாப்ளே, அந்தப் பல்லிமூஞ்சித் தலைவன் நான்தானே?”

“ஐயோ மச்சான், எல்லாம் கற்பனை.”

“கற்பனையில என்னை மூணாம் அத்தியாயத்துல கொன்னுட்டு, உங்க அண்ணனை மட்டும் கடைசிவரை வாழ வைப்பியா?”

“அடுத்த பாகத்துல உங்கள எழுப்பிருதேன். மந்திரக் கதைதானே.”

“எழும்பி வந்து உங்க அண்ணனை நான்தான் வெட்டுவேன். சம்மதமா?”

ரத்தபாசத்தைப் பற்றி அத்தனை பக்கம் முழங்கிய மகா எழுத்தாளனான நான், கத்தியைப் பார்த்தபடியே கேட்டேன்: “கழுத்துலயா மச்சான், நெஞ்சுலயா?”