ஏழு வெடியும் ஒரு காதும்

3 ஜூன் 2012. வெற்று வெடி ஏழு: 8,400
அன்றே. பந்தல், பூ, நாற்காலி: 22,650
அன்றே. புகைப்படக்காரர்: 15,000
5 ஜூன் 2012. காது மருத்துவர்: 900
19 ஜூன் 2012. கேட்கும் திறன் சோதனை: 2,250

முதல் மூன்று தொகைகளை ரெஜிமென்ட் கொடுத்தது. கடைசி இரண்டையும் ஒரு பேருந்து ஓட்டுநர் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். காது அவருடையது, ஆகவே செலவும் அவருடையது என்று ஆகிவிட்டது.

பணிமனையில் அவரைப் பீரங்கி என்றுதான் கூப்பிடுவார்கள். வாரத்தில் ஆறு நாள் நகரப் பேருந்து ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் துணைப்படை ரெஜிமென்டில் பீரங்கி அணியில் நின்றார். துணைப்படை என்பது தச்சரும் கணக்கரும் ஓட்டுநரும் வார இறுதியில் சீருடை மாட்டிக்கொள்ளும் படை. அந்த ரெஜிமென்ட் போரைப் பார்த்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. இப்போது அதன் வேலை நினைவு நாளில் மலர்வளையம் வைப்பது, மருத்துவமனைக்காக உண்டியல் குலுக்குவது, இரத்தம் கொடுப்பது, பள்ளிப் பிள்ளைகளைப் பீரங்கிமேல் ஏற்றிவிட்டுப் படம் எடுப்பது, வருடத்துக்கு ஒருமுறை நகர நாளன்று ஏழு வெடி வெடிப்பது.

இதையெல்லாம் அவர் ஒருநாளும் இளக்காரமாக நினைத்ததில்லை. பதினான்கு வருடம் அந்தப் பழைய பீரங்கியின் பித்தளையைத் தேய்த்தார். உண்டியல் குலுக்கப் போனால் அவருடைய உண்டியல்தான் கனமாகத் திரும்பும். தன் பேருந்தில் வழக்கமாக வருகிறவர்களை அவர் சும்மா விடுவதில்லை. "நாள் பூரா உங்களைச் சுமக்கறேன், ஒரு நாள் இதைச் சுமக்க வையுங்க" என்று உண்டியலை நீட்டுவார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே போடுவார்கள்.

அவரை ரெஜிமென்டில் சேர்த்துவிட்டது அவர் மனைவியின் அண்ணன். அவர்தான் பீரங்கி அணிக்கு சார்ஜெண்ட். மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். புருஷன் சீருடை, அண்ணன் சீருடை இரண்டும் அவள் கையால்தான் மடிப்பு வாங்கும். சனிக்கிழமை மாலை அந்த வீட்டுக் கூடத்தில் இரண்டு ஜோடிக் கால்சட்டைகள் ஆணியில் தொங்கும். இரண்டு ஆண்களும் அதன் கீழே உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவார்கள்.

பீரங்கிப் பெட்டியில் எப்போதும் ஐந்து மஞ்சள் காது மூடிகள் இருக்கும். வெடிக்கும்போது அணியில் நிற்கிற ஐந்து பேரும் போட்டுக்கொள்ள வேண்டும். பதினான்கு வருடமும் போட்டுக்கொண்டார்கள். பிறகு புதிதாக ஒரு கர்னல் வந்தார். 2012இல் நகர நாளுக்கு முன்னால் அவர் அணியைச் சுற்றி வந்து பார்த்தார். மஞ்சள் நிறம் படத்தில் பளிச்சென்று தெரியும், ஐந்து மஞ்சள் குருவி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். கழற்றச் சொன்னார். முகம் தெரியவேண்டும் என்று இடது பக்கம் நிற்பவரை ஒரு எட்டு குழாய்ப் பக்கமாக நகரவும் சொன்னார். கர்னல் சார்ஜெண்டிடம் சொன்னார், சார்ஜெண்ட் அணியிடம் சொன்னார். இடது பக்கம் நின்றவர் ஓட்டுநர்.

மூன்றாவது வெடியில் காதுக்குள் ஒரு விசில் கிளம்பியது. ஐந்தாவதில் அந்த விசிலும் நின்றது. ஏழாவது வரைக்கும் அவர் இடத்தைவிட்டு அசையவில்லை. வெடித்துக்கொண்டிருக்கும் பீரங்கியை விட்டுவிட்டு நகரக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இடது காது முழுதாகப் போயிற்று. வலது காது பாதி. பேருந்து நிர்வாகத்தின் மருத்துவர் ஒரே பார்வையில் உரிமத்தை நிறுத்தினார். பீரங்கிக்குப் பேருந்து கழுவும் வேலை கிடைத்தது, பாதிக்குச் சற்று மேலான சம்பளத்தில். "டேய் பீரங்கி, பின்னாடி ஹாரன் அடிக்கறேன், நகர மாட்டேங்கறியே" என்று பழைய கூட்டாளிகள் கேலி செய்தார்கள். முதலில் கேலிதான். பிறகு அவர் பின்னால் வண்டி எடுக்கும்போது நிஜமாகவே பயந்தார்கள்.

ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டு ரெஜிமென்டுக்கு எழுதினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஜூன் மூன்றாம் தேதி நிகழ்ச்சி படைப்பணி அல்ல, சமூக நிகழ்ச்சி. அதில் அவர் கலந்துகொண்டது தன் விருப்பத்தின்பேரில். காது மூடி அணியாததும் தன் விருப்பத்தின்பேரில். இந்த விவரம் அணியின் சார்ஜெண்ட் கொடுத்த அறிக்கையில் உள்ளது.

எந்தக் கடிதம் வந்தாலும் மனைவி சத்தமாகப் படிப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். படித்து முடித்தாள். அவர் மறுபடியும் படிக்கச் சொன்னார். காசு கிடைக்காதது ஒரு பக்கம். தன் காதைத் தானே தொலைத்துக்கொண்ட முட்டாள் என்று எழுத்தில் போட்டிருந்தார்களே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அந்த ஒரு வரி மாறவேண்டும். யார் சொல்லிக் கழற்றினேன் என்று அவர்கள் வாயால் வரவேண்டும். அதற்குப் பிறகு அவருக்கு வேறு நினைப்பில்லை.

அந்த வாரமே சார்ஜெண்ட் ஒரு பை பழத்தோடு வந்தார். வந்தவர் இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வலது பக்கம் வாங்க மச்சான். இந்தப் பக்கம் ஆளில்லாத வீடு."

சார்ஜெண்ட் எழுந்து மாறி உட்கார்ந்தார். "மாப்ள, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..."

"கேக்கத்தான் காது இல்லையே."

"எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் பாக்கி. கர்னல் எழுதிக் குடுத்தாரு, நான் கையெழுத்துப் போட்டேன். வேற எப்படியாவது உங்களுக்கு ஒரு வழி..."

"இருக்கறது ஒரே காது மச்சான். அதுலயும் பூ சுத்தாதீங்க."

சார்ஜெண்ட் தங்கையைப் பார்த்தார். அவள் பழப்பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "அண்ணா, அடுத்த வாரத்துலேருந்து உன் சீருடையை வேற எங்கயாவது குடுத்துக்கோ. என் பெட்டி சூடாகாது."

"கால்சட்டைக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"உன் விருப்பத்தின்பேரில் போட்டுக்கோ."

அடுத்து வந்த ஒன்றே முக்கால் வருடத்தில் ஓட்டுநர் பதினோரு கடிதம் எழுதினார். எல்லாவற்றுக்கும் அலுவலகத்திலிருந்து ஒரே பதில், தேதி மட்டும் வேறு. கர்னலை நேரில் பார்க்க வாசலில் மூன்று ஞாயிறு நின்றார். இன்று கூட்டம், இன்று ஒத்திகை, இன்று வரவில்லை என்றார்கள். மூன்றாவது ஞாயிறு, வரவில்லை என்று சொல்லப்பட்டவரின் கார் அவரைத் தாண்டித்தான் வெளியே போனது.

2014 மே மாதம் ரெஜிமென்டிலிருந்து கெட்டி அட்டையில் ஓர் அழைப்பு வந்தது. நகர நாளன்று ‘சமூக நண்பர்’ என்று நான்கு பேருக்குக் கேடயம் கொடுக்கிறார்களாம். உண்டியல் வசூலில் பல வருடம் முதலிடம் பிடித்தவர் என்று அவர் மூன்றாவது ஆள்.

"இதைக் கிழிச்சு அடுப்புல போடுங்க" என்றாள் மனைவி.

"இல்ல. மேடையில அந்தாளு என் பக்கத்துலதானே நிக்கணும்? காதோட காதா ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். மரியாதையா கேக்கறேன். நாலு பேருக்குத் தெரியவேணாம்."

"உங்களுக்கு மெதுவாப் பேச வருமா?"

"ஏன், இப்ப மெதுவாத்தானே பேசறேன்?"

எதிர் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஜூன் ஒன்றாம் தேதி மைதானம் நிறைந்திருந்தது. பீரங்கி துடைத்த பாத்திரம்போல் மின்னியது. அணியில் ஐந்து பேர் வெறும் காதோடு நின்றார்கள். ஓட்டுநர் நின்ற இடத்தில் ஒரு புது ஆள், தபால் பிரிக்கிறவன், இருபத்திரண்டு வயது இருக்கும். பக்கத்தில் சார்ஜெண்ட். அவர் கால்சட்டையில் ஒரே காலில் இரண்டு மடிப்பு ஓடியது. கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கை அதைப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

கர்னல் ஒலிபெருக்கியில் நீளமாகப் பேசினார். இந்தப் படையின் ஒழுங்கைப் பாருங்கள் என்றார். என் உத்தரவில்லாமல் இங்கே ஒரு பொத்தான்கூட இடம் மாறாது, ஒரு விரல்கூட அசையாது என்றார். கைதட்டினார்கள். பிறகு மூன்றாவது கேடயத்தைக் கையில் எடுத்து, ஓட்டுநரை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்திப் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

ஓட்டுநர் கேடயத்தைத் தொடவில்லை. கர்னலின் காதருகே குனிந்து, தன் கணக்கில் மிக மிக மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, அப்ப காது மூடியைக் கழட்டினதும் உங்க உத்தரவுதானுங்களே?"

மைதானத்தின் கடைசி வரிசைவரை அது போய்ச் சேர்ந்தது. ஒலிபெருக்கியில் அந்தக் கேள்வி சுவரில் மோதி ஒருமுறை திரும்பியும் வந்தது. அவருக்கு அது தெரியாது. கர்னலின் முகம் ஏன் வெளுக்கிறது என்று புரியாமல், கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு தடவை கேட்டார்.

"இங்க என்ன பேசறீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் கர்னல். அதுவும் எல்லாருக்கும் கேட்டது. "யார் உங்களுக்கு அப்படி உத்தரவு போட்டது?"

ஜனங்கள் பீரங்கிப் பக்கம் திரும்பினார்கள். சார்ஜெண்ட் விறைத்து நின்றார். விறைப்பாக நிற்கிறவன் பேசக்கூடாது என்பது படை விதி, இரண்டு வருடமாக அவர் ஒளிந்துகொண்ட இடமும் அதுதான். முதல் வரிசையிலிருந்து தங்கை எழுந்தாள். "வாயைத் திற அண்ணா" என்றாள். கத்தவில்லை.

சார்ஜெண்ட் வாயைத் திறந்தார். மேடையைப் பார்த்துப் பேசவில்லை. தன் அணியைப் பார்த்துக் கட்டளை கொடுத்தார்.

"பீரங்கி அணி. காது மூடி எடு. மாட்டு."

ஒரு நொடி யாரும் அசையவில்லை. பிறகு புதுப் பையன் பெட்டியைத் திறந்தான். ஐந்து மஞ்சள் காது மூடிகள் ஐந்து தலைமேல் ஏறின.

"இடது பக்கம், ஒரு எட்டு பின்னால்."

பையன் பின்னால் நகர்ந்தான். மேடையிலிருந்து கர்னல் "சார்ஜெண்ட், என்ன இது, கழட்டச் சொன்னேனே" என்று கூவினார். அந்த வார்த்தை வெளியே வந்த பிறகுதான் ஒலிபெருக்கி திறந்திருப்பது அவருக்கு நினைவு வந்தது. சார்ஜெண்ட் திரும்பவில்லை. காது மூடிக்குள் கேட்கவில்லை என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஏழு வெடி முழங்கியது. மறுநாள் செய்தித்தாளில் வந்த படத்தில் முதலில் கண்ணில் பட்டது மஞ்சள்தான்.

மேடையிலிருந்து ஓட்டுநர் வெறுங்கையோடு இறங்கினார். மனைவி வலது பக்கமாக வந்து, கர்னல் என்ன கூவினார் என்று வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். "ரெண்டு வருஷம்" என்றார். "இந்த ஒரு வார்த்தைக்கு ரெண்டு வருஷம் வாசல்ல நிக்க வெச்சானே."

அந்த வாரமே சார்ஜெண்ட் பழைய அறிக்கை தன்னுடையதல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அணியின் மற்ற மூவரும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள். சார்ஜெண்டைப் பீரங்கியிலிருந்து எடுத்துச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். கர்னல் தன் நாற்காலியிலேயே இருந்தார். கால்சட்டையைத் தங்கை மறுபடி வாங்கிக்கொண்டாள். ஓட்டுநர் மட்டும் மச்சானோடு பேசக் கொஞ்ச நாள் ஆயிற்று. "கையெழுத்துப் போட்டதுக்கு நன்றி சொல்லணுமா?" என்று கேட்டார். "முதல் கையெழுத்தும் உங்க கைதானே மச்சான்." சார்ஜெண்ட் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

எட்டு மாதம் கழித்து ரெஜிமென்டிலிருந்து ஓர் உறை வந்தது. மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அவருடைய வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு வாசித்தாள். காயம் படைப்பணியின்போது, மேலதிகாரியின் உத்தரவின்பேரில் ஏற்பட்டது என ஏற்கப்படுகிறது. ஓய்வூதியம் இக்கடிதத்தின் தேதியிலிருந்து வழங்கப்படும். இது இறுதிக் கடிதம்.

"கடிதத் தேதியிலேருந்தா? காது என்னைக்குப் போச்சு, கடிதம் என்னைக்கு வருது? நடுவுல உள்ளது?"

"அதைப் பத்தி ஒண்ணும் போடலைங்க."

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தை?"

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "பின்பக்கம் காலி."

அவர் எழுந்து கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட ஒரு துண்டுத் தாள் கூடவே வந்திருந்தது. "நன்றியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் அச்சடித்திருந்தது. முதல் வார்த்தையைப் பேனாவால் அழுத்தி அடித்தார். தாள் கிழிந்தது. கிழிந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பக்கத்தில், கடிதம் தன் கைக்கு வந்த தேதியை எழுதினார்.

26 பிப்ரவரி 2015, வியாழக்கிழமை.